லேயர் விடாமல் இருக்க முதல் காசு எதற்கு? சேலத்து ஃபைபர் பட்டறைக்கு ஓர் ஒப்பீடு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி ஒன்று அடிப்பக்கம் கசிந்தது. டிசம்பர் மாதம், காலை எட்டு மணிக்கே நானும் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். மூட்டம் இன்னும் விலகவில்லை. கசிந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்தோம், அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம், மூன்று மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ரெசின் (அதைக் கெட்டியாக்கும் பசை) போட்டு ரோலர் ஓட்டினோம். மறுநாள் காலை நாணயத்தால் ஒட்டு முழுவதும் தட்டிப் பார்த்தோம். எல்லா இடமும் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது. தண்ணீர் நிரப்பினோம், கசிவு இல்லை. நிம்மதியாக மலையிறங்கினோம்.

மே மாதம் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒட்டின் ஒரு மூலை விரல்நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை உள்ளே விட்டு மெல்ல நெம்பினேன். ஒட்டு முழுசும் ஒரே தகடாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. பழைய தொட்டியின் ஒரு நார்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. கூட வந்த பையன் கேட்டான்: "அண்ணா, அன்னைக்குத் தட்டிப் பாத்தமே, நல்லாத்தானே சத்தம் வந்துச்சு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. சத்தம் நன்றாகத்தான் வந்தது. அன்றைக்கு ஒலியை உள்ளே அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் கருவி வைத்துப் பார்த்திருந்தாலும் அனேகமாக நன்றாகத்தான் காட்டியிருக்கும். ஏனென்றால் இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இடைவெளி இல்லை, பிடிப்பும் இல்லை. காற்று இடைவெளி எங்கே இருக்கிறது என்று சொல்லக் கருவிகள் உண்டு. ஒட்டியிருப்பது எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று, பொருளை உடைக்காமல் வெளியிலிருந்தே நம்பகமாகச் சொல்லும் கருவி பட்டறைக்கும் கிடையாது, விமானக் கம்பெனிக்கும் கிடையாது.

இப்போது சேலத்துப் பட்டறை நண்பர்கள் சிலர் புதிதாகப் பணம் போட நினைக்கிறார்கள். ராணுவத் தளவாடத் தொழிலுக்காகத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனையம். அந்தப் பக்கம் வேலை பிடிக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அவர்கள் கேட்பது இதுதான்: அல்ட்ராசோனிக் வாங்கலாமா, தெர்மல் கேமரா வாங்கலாமா, இல்லை வேக்குவம் பம்ப் போடலாமா? முதல் காசு கண்டுபிடிக்கும் கருவிக்குப் போகக் கூடாது, தடுப்பதற்குத்தான் போக வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் கண்டுபிடிப்பதை விட்டுவிடவும் முடியாது.

முதலில் லேயர் ஏன் விடுகிறது, அதாவது அடுக்குகள் ஏன் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்ணாடி நார் அதன் நீளவாக்கில் இழுவையை அபாரமாகத் தாங்கும். ஒரு லேயருக்கும் அடுத்த லேயருக்கும் நடுவில் குறுக்கே போகும் நார் எதுவும் இல்லை. அங்கே ரெசின் மட்டும்தான். எவ்வளவு விலை உயர்ந்த நார் போட்டாலும் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பது பசை ஒன்றுதான். நுரைப் பலகையை நடுவில் வைத்த பேனல் என்றால் நம் ஊர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு வடை, கீழே ஒரு வடை, நடுவில் சட்னியும் பீட்ரூட்டும். மேல் வடையை மட்டும் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? பேனலில் மேல்தோல் விடுவதும் அப்படித்தான். பிடிப்பைக் கெடுப்பவை பல: அடைபட்ட காற்று, ஈரம், மெழுகு, எண்ணெய், வியர்வைத் துளி, முழுதாக வேகாத, அதாவது முழுதாகக் கெட்டிப்படாத ரெசின், அளவுக்கு மீறிய சூடு. பொருள் முடிந்த பிறகு சுத்தியல் கை தவறி விழுவதும், மொட்டை டிரில் பிட்டும் சேர்ந்துகொள்ளும்.

தடுப்பில் மூன்று வழி. கையால் போடும் முறையையே ஒழுங்காகச் செய்வது, அதன் மேல் வேக்குவம் பை போடுவது, காய்ந்த மேட்டை வைத்து வேக்குவத்திலேயே ரெசினை உறிஞ்ச வைக்கும் இன்ஃப்யூஷன் முறை.

கை முறையை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சேலத்தில் அதன் பெரிய எதிரி வெயில். ரசாயன வினை பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பது பொதுக்கணக்கு. 25 டிகிரியில் இருபது நிமிடம் கை கொடுக்கும் ரெசின், ஏப்ரல் மதியம் 40 டிகிரி தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டு நிமிடத்தில் கெட்டிப்பட ஆரம்பிக்கும். ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்ற நேரம் இருக்காது. அவசரத்தில் நம் ஆட்கள் ரெசினைக் கெட்டிப்பட வைக்கும் கேட்டலிஸ்ட்டைச் சொட்டுச் சொட்டாகக் குறைப்பார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் கடைசிவரை முழுதாக வேகாது. இன்னொரு வழியில் லேயர் பலவீனமாகும். கோடையில் வேலையை விடியற்காலைக்கு மாற்றுவதும், கெட்டிப்படுவதை வேகப்படுத்தும் கோபால்ட் குறைவாகச் சேர்த்த ரெசினைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குவதும்தான் சரியான வழி. பட்டறையில் நீங்களே கோபால்ட் சேர்ப்பதாக இருந்தால், கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

இன்னொன்று, தடிமன். 450 கிராம் மேட் ஒன்று கையால் போட்டால் சுமார் 1 மில்லிமீட்டர் வரும். ஒரே மூச்சில் எட்டு, பத்து மேட் அடுக்கினால் நடுவில் சூடு தேங்கி, நடு லேயர்கள் வெந்து சுருங்கி, ஆறும்போது அங்கேயே பிரியும். மூன்று அல்லது நான்கு போட்டு, சூடு தணிந்து, பரப்பு இன்னும் லேசாகப் பிசுபிசுக்கும்போதே அடுத்ததைத் தொடங்குங்கள். மறுநாள் தாண்டிவிட்டால் தேய்க்காமல் மேலே எதுவும் போடக் கூடாது. மெழுகு கலந்த ரெசின் என்றால் மறுநாள்வரைகூடக் காத்திருக்க முடியாது. மெழுகு மேலே மிதந்து வந்து படலமாகிவிடும், அதைத் தேய்த்தே ஆக வேண்டும். ரோவிங் (நெய்த தடித்த நார்த்துணி) மேல் நேராக ரோவிங் வைப்பதும் பழைய தப்பு. நெசவின் மேடு பள்ளங்களுக்கு நடுவில் வெறும் ரெசின் தேங்கும். இரண்டு ரோவிங்குக்கு நடுவில் ஒரு மேட் வைத்தால் அதன் பொடி நார்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பிப் பிடித்துக்கொள்ளும்.

மலை மேலே கதை நேர்மாறு. குளிர், ஈரம். எங்கள் ஒட்டு விட்டதற்குக் காரணம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதில் பாதியை நாங்களே கையால் செய்தோம். அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூட்டக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. பரப்பை மேலும் குளிர வைத்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன் மேல் படிந்துவிட்டது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் அடிப்பவர்களும் பின்பற்றும் விதி. ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன மீட்டரும், பரப்பின் சூட்டை அளக்கும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்திருந்தால் அன்று காலை பதினோரு மணிவரை காத்திருந்திருப்போம். எப்பாக்சி போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: குளிரும் ஈரமும் சேர்ந்தால் எப்பாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தையே உள்ளே அழுத்திவிடுவோம்.

அடுத்தது வேக்குவம் பை. போட்டு முடித்த ஈர லேயரின் மேல் நைலான் பீல் ப்ளை (பிறகு உரித்து எடுக்கும் துணி), துளையுள்ள ஃபிலிம், உறிஞ்சும் துணி, அதற்கு மேல் பை. பம்ப் ஓடியதும் வெளிக்காற்று எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்குகிறது. ரோலருக்கு எட்டாத மூலைகளும் அமுங்கும். உபரி ரெசின் வெளியேறும், லேயர்கள் நெருங்கும். பீல் ப்ளை உரித்த பரப்பு அடுத்த ஒட்டுக்கு ஏற்ற சொரசொரப்பாக இருக்கும். பொருள் பெரிதாக இல்லாத பட்டறைக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. அமுக்குவது காற்று மண்டலம், பம்ப் அல்ல. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். இங்கே முழு வேக்குவத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே அதே பம்ப், அதே பை வைத்தாலும் 860 கிராம்தான் கிடைக்கும். ஏழில் ஒரு பங்கு குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே அந்த அழுத்தம் கீழே நின்றுவிடுகிறது. கழற்றிக் கொண்டுவர முடிந்த பொருளை அடிவாரத்துக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு வெப்பநிலை ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற ஆவியாகும் திரவம் இருக்கிறது. வெயில் நாளில் முழு வேக்குவத்தை நெருங்கி இழுத்தால் ஸ்டைரீன் கொதித்து உள்ளேயே குமிழ் விடும். காற்றை எடுக்கப் போய்க் குமிழை உண்டாக்கின கதையாகிவிடும். கொஞ்சம் குறைத்தே இழுங்கள்.

இன்ஃப்யூஷன் முறையில் தரம் மிக நன்றாக வரும். ஆனால் பையில் ஒரு ஊசித்துளைக் கசிவு இருந்தாலும் முழுப் பொருளும் வீணாகலாம். வேக்குவம் பையில் ஒரு வருடம் கை பழகியவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பொருளின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூர்மையான எல் மூலையை யாராவது விரித்து இழுத்தால் மூலையில் லேயர்கள் புரோட்டா மாதிரி பிரியும்; மூலைக்கு நல்ல வளைவு கொடுங்கள். தடிமன் குறையும் இடத்தில் எல்லா மேட்டையும் ஒரே கோட்டில் வெட்டி நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் அரை அங்குலமாவது தள்ளித் தள்ளி முடியுங்கள். துளை போடும்போது பின்னால் ஒரு பிளைவுட் துண்டை அழுத்திப் பிடித்தால் கடைசி லேயர் பிய்த்துக்கொண்டு போகாது. இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

சரி, இப்போது கண்டுபிடிக்கும் பக்கம்.

கண்ணாடி நார்ப் பொருளுக்கு ஒரு பாக்கியம் உண்டு, ஒளி உள்ளே போகும். பின்னால் பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கைப் பிடித்து முன்னால் நின்று பார்த்தால், பிரிந்த இடம் வெளிறிய திட்டாகவோ நிழலாகவோ வேறுபட்டுத் தெரியும். நிறமி சேர்த்த ஜெல்கோட் (அச்சில் முதலில் போடும் வெளிப்பக்க ரெசின் பூச்சு) போட்டால் இந்த வசதி போய்விடும். ஆகவே ஜெல்கோட்டுக்கு மேல் முதல் லேயர் காய்ந்ததும் ஒரு பார்வை, வெளிப்பூச்சு போடுவதற்கு முன் ஒரு பார்வை. கார்பன் நாரில் விளக்கு உதவாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது நம் பாட்டிகள் செய்ததுதான். எங்கள் பட்டறையில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. 9 கிராம் எடை, கைக்கு அடக்கம். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் சொத்தென்று கேட்கும். எவ்வளவு ஆழம்வரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ள நாங்களே ஒரு சோதனைப் பலகை செய்தோம். பத்து மேட் தடிமன். லேயர் விட்ட இடம் போல இருக்க, ஒரு அங்குலச் சதுரத்தில் ரெசின் ஒட்டாத டெஃப்லான் ஃபிலிமை இரண்டாக மடித்து, முதல் லேயருக்குக் கீழே ஒன்று, மூன்றாவதுக்குக் கீழே ஒன்று, ஆறாவதுக்குக் கீழே ஒன்று வைத்தோம். இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். பையன்கள் ஒவ்வொருவராகத் தட்டிச் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். முதல் லேயருக்குக் கீழே இருந்ததை எல்லோரும் பிடித்தார்கள். மூன்றாவதை ஒருவன் மட்டும், அதுவும் தயங்கித் தயங்கி. ஆறாவதை யாருமே பிடிக்கவில்லை. ஒன்றுமே இல்லாத இரண்டு இடங்களில் வட்டம் விழுந்திருந்தது. எந்தப் பட்டறையும் ஒரே நாளில் இதைச் செய்துவிடலாம். கருவி விற்க வருபவரிடமும் இந்தப் பலகையைக் கொடுத்து "எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேட்கலாம்.

தட்டுவதும் கண்ணால் பார்ப்பதும் மட்டும் எதுவரை போதும் என்பதற்கு ஆகாயத்தில் ஒரு பாடம் உண்டு. 2005 மார்ச்சில் கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடா புறப்பட்ட ஏர்பஸ் ஏ310 விமானத்தின் வாலில் இருக்கும், நாரும் ரெசினும் சேர்ந்த கலப்புப்பொருள் சுக்கான் நடுவானில் பிய்ந்து போனது. விமானம் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. தோலுக்கும் நடுப்பொருளுக்கும் இடையில் பிரிவோ, நடுப்பொருளிலேயே உடைவோ இருந்திருக்கலாம் என்று கனடா விசாரணை அதிகாரிகள் கருதினார்கள். அந்தக் குறையை நேரத்தில் பிடிக்க அப்போதைய சோதனை முறை போதுமா என்றும் கேட்டார்கள். அதுவும் ஒரு தட்டுவடை செட் அமைப்புதான்.

ஆழத்துக்கு அல்ட்ராசோனிக். ஒலி உள்ளே போய், காற்று இடைவெளியில் முட்டித் திரும்பும். 10 மில்லிமீட்டர் சுவரில் 4 மில்லிமீட்டரில் எதிரொலி வந்தால் அங்கே லேயர் விட்டிருக்கிறது. இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. சேலத்தில் இரும்பு, ஸ்டீல் வேலைக்காரர்களிடம் தடிமன் கேஜ் சுலபமாக இரவல் கிடைக்கும். அதை ஃபைபரில் வைத்தால் குழப்பம்தான். ஸ்டீலில் ஒலி விநாடிக்கு 5,900 மீட்டர் ஓடும், கண்ணாடி நார்ப் பொருளில் ஏறக்குறைய அதில் பாதி வேகம்தான். மாற்றிவைக்காத கேஜ் தடிமனை இரண்டு மடங்காகக் காட்டும். தவிர, இரும்புக்கான 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி, கையால் போட்ட லேயரின் நாரிலும் பொடிக் குமிழிலும் சிதறியே போய்விடும். ஃபைபருக்கு அரை முதல் 1 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் வேண்டும். ஜெல் தடவிப் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்க்க வேண்டும்; பெரிய தொட்டிக்கு ஒரு நாள் ஓடிவிடும். முதல் பிரிவுக்குக் கீழே இன்னொன்று இருந்தால் அது நிழலில் மறைந்துவிடும். திரையில் வருவதைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் கருவி அலமாரியில் தூங்கும்.

தெர்மல் கேமராவில் எனக்கு ஆசை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பிரிந்த இடத்துக் காற்று வெப்பத்தை உள்ளே விடாது, அதனால் சூடாக்கிய பரப்பில் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடாகத் தெரியும். ஒரே பார்வையில் பெரிய பரப்பைப் பார்த்துவிடலாம். சேலத்தில் சூடாக்க விளக்குகூட வேண்டாம், சூரியன் போதும்; தொட்டி வெயிலில் சூடேறும்போது ஒரு முறை, மாலையில் ஆறும்போது ஒரு முறை படம் எடுத்து ஒப்பிடலாம். ஆனால் கண்ணாடி நார்ப் பொருளில் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். ஆழத்தைவிட அகலம் பெரிதாக இருக்கும் பிரிவுதான் படத்தில் சிக்கும் என்பது நடைமுறை விதி. மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு நல்லது, நடுத்தடிமனுக்கு அல்ல. ஏற்காட்டு மூட்டத்தில் அனேகமாகப் பயன்படாது.

எக்ஸ்ரே வேண்டவே வேண்டாம். தட்டையாகப் பிரிந்த இடம் கதிருக்குக் குறுக்கே காகிதத்தைப் போல இருப்பதால், கதிர் கடக்கும் பொருளின் தடிமன் மாறுவதே இல்லை. படத்தில் எதுவும் தெரியாது. மருத்துவமனை ஸ்கேன் போல அடுக்கடுக்காகப் பார்க்கும் சி.டி. வேறு விஷயம், அது பட்டறைக்கான செலவு இல்லை.

ஆக, யாருக்கு எது? தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட், நாற்காலி செய்யும் பட்டறை என்றால் மீட்டர், விளக்கு, நாணயம், சோதனைப் பலகை, பீல் ப்ளை இவை போதும். அப்புறம் ரெசின் வெந்ததா என்று பார்க்க ஒரு பார்கோல் கடினமானி. கருவிக்கு வைத்திருந்த மீதிப் பணத்தை வேக்குவம் பம்ப்பில் போடுங்கள். அமிலத் தொட்டி, அழுத்தக் குழாய் செய்பவர்கள் தடுப்பு எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஒவ்வொரு தொட்டியும் வெளியே போகும் முன் சான்று பெற்ற ஆளை வாடகைக்குக் கூப்பிட்டு அல்ட்ராசோனிக் பாருங்கள், வாங்க வேண்டாம். மாதத்தில் பாதி நாள் அவர் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறார் என்றால் அப்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம். பாதுகாப்புத் துறை வேலைக்குப் போகிறவர்கள் விதிவிலக்கு. அங்கே காகிதத்தில் அறிக்கை கேட்பார்கள், எந்தச் சோதனை என்று வரைபடத்திலேயே எழுதியிருப்பார்கள். அதை வாங்கிப் படிப்பதற்கு முன் எந்தக் கருவிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒட்டின் பலத்தைக் கருவி சொல்லாது என்றேன். அதற்கு நாங்கள் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில், அதே பரப்பில், அதே நேரத்தில் ஒரு கைக்குட்டை அளவு உபரி ஒட்டுப் போட்டு, அதன் ஒரு முனையின் அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துவிடுவோம். மறுநாள் அந்த முனையைப் பிடித்துப் பிய்ப்போம். நார் கிழிந்து, பழைய பரப்பையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு நன்று. வழவழவென்று வந்தால் பெரிய ஒட்டையும் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

அந்தத் தோட்டத்துத் தொட்டியை அப்படித்தான் மறுபடி செய்தோம். மதியம் பன்னிரண்டு மணி, வெயில் ஏறிய பிறகு. அசிட்டோன் துடைத்த பின் அரை மணி நேரம் காத்திருந்து, மீட்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கினோம். மறுநாள் உபரி ஒட்டைப் பிய்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வந்த துண்டின் அடியில் பழைய தொட்டியின் வெள்ளை நார்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. பையன் அதைத் தூக்கி எறியவில்லை, பட்டறையில் நாணயம் மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறான்.